ஒரு சிறு வேண்டுகோள்

2003-ஆம் ஆண்டு ஆனி மாதத்திலிருந்து எட்டு மாதங்கள், ஒரு தொலைக்காட்சிச் சேனல் மாலையில் என்னென்ன காட்டியது என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ரோலிங் மில்லின் எடைமேடையில் எனக்கு வேலை. உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி, நேரம், எடை என்று எட்டு மணி நேரம் எழுதுகிறவனுக்கு வீட்டுக்கு வந்தும் கை ஓயாது. அதோடு எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சேனல்களை யாரோ வேண்டுமென்றே ஒன்றுபோல ஆக்குகிறார்கள் என்று நினைத்தேன். ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் தேதி வேண்டும்.

அந்தச் சந்தேகம் அப்போது அவ்வளவு கிறுக்குத்தனமாகத் தெரியவில்லை. எங்கள் பகுதிக்குக் கேபிள் வந்த புதிதில், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் எது எந்தச் சேனல் என்று சொல்லிவிடலாம். செய்திக்கென்று வந்த சேனலில் மேசையும் மனிதரும். பக்திச் சேனலில் கோபுரமும் தீபமும். பாட்டுச் சேனலில் பாட்டு மட்டும். இரண்டு மூன்று வருடத்தில் செய்திச் சேனலில் சினிமா நகைச்சுவை வந்தது. பக்திச் சேனலில் மூட்டுவலித் தைலமும் ராசிக்கல்லும் வந்தன. பாட்டுச் சேனலில் ஒரு பெண் தொலைபேசியில் யாரிடமோ சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நூலகத்தில் பழைய வார இதழ்களின் பைண்டுகளை வருட வரிசையில் படித்தவன் நான். அங்கேயும் இதையே பார்த்திருக்கிறேன். முதல் வருடத்தில் தனி முகம், ஐந்தாம் வருடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை.

ஆனால் முப்பத்து நான்காம் எண்ணில் ஒரு சின்ன சேனல் அப்படி ஆகாமல் இருந்தது. மாலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து தான் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். ஆறரைக்கு முழுக்கைச் சட்டை போட்ட ஓர் ஆசிரியர் கரும்பலகை முன்னால் நின்று பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்துவார். ஏழு மணிக்குப் பட்டா மாற்றுவது எப்படி, கிணற்று நீரைச் சோதிப்பது எப்படி என்று யாராவது சொல்வார்கள். பாட்டு கிடையாது, தொடர் கிடையாது. விளம்பரம் அபூர்வம். கணக்குப் பாடத்தின் நடுவே பலகைக்குப் பின்னாலிருந்து டீ கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருக்கும்.

நாங்கள் இருந்தது ஐந்து குடித்தனங்கள் உள்ள லைன் வீடு. முதல் வீடு எங்களுடையது. மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். கடம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். கணவன் எங்கள் மில்லில் உலையடியில் இருந்தான். இவள் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் காண்டிராக்டில் பாக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, எங்க கம்பெனில நோட்டீஸ் ஒட்டிகீறாங்க. அடுத்த ஜூனுக்குள்ள பத்தாவது பாஸ் பண்ணவங்களை மட்டும் பர்மனென்ட் பண்ணுவாங்களாம். மத்தவங்களை இன்னா பண்ணுவாங்கன்னு அதுல போடல."

"போடாததுதான் முக்கியம்" என்றேன்.

"தெரியும்ண்ணா. அதான் பிரைவேட்டா எழுதப் போறேன். தமிழு, சயின்ஸு எல்லாம் படிச்சா வந்துரும். கணக்கு தான் பேஜாரு. உங்க டிவில ஒரு வாத்தியார் வராராமே."

அவர்கள் வீட்டில் இருந்தது பன்னிரண்டு சேனல் மட்டும் எடுக்கிற பழைய பெட்டி. முப்பத்து நான்கு அதில் வராது. ஆறரைக்கு என் மனைவி பார்க்கிற தொடர் ஒன்று வேறு சேனலில் இருந்தது. அவளைப் பார்த்தேன்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கறீங்க? அது படிக்கட்டும். அந்தத் தொடர்ல ஒரு மாசமா ஒருத்தி ஆஸ்பத்திரில கண்ணை மூடிக்கினே கீறா. தெறந்தா யாராவது வந்து சொல்லுவாங்க" என்றாள் மனைவி.

மறுநாளிலிருந்து ஆறரை மணிக்கு அவள் நோட்டோடு வந்து தரையில் உட்கார்ந்துவிடுவாள். கம்பெனி ஐந்தரைக்கு விடும். முகம் கழுவி, உலை வைத்துவிட்டு ஓடி வருவாள். எனக்கு மதிய ஷிப்டு இருக்கிற வாரங்களில் ஆறு மணிக்கு மேல் என்ன வந்தது என்று மனைவியிடமும் அவளிடமும் கேட்டு எழுதிக்கொள்வேன். மனைவி சொல்வதை அவளிடம் ஒருமுறை சரிபார்ப்பேன். மனைவிக்கு அது பிடிக்காது.

அந்தச் சேனலில் ஞாயிறு காலை நேயர் கடிதம் படிப்பார்கள். எங்கள் மில் கேன்டீனில் அதற்கென்று ஒரு சின்னக் கூட்டமே இருந்தது: நான், லேத்தில் வேலை செய்த ஒருவர், ஸ்டோர்ஸ் குமாஸ்தா. மாதத்துக்கு நான்கைந்து தபால் அட்டைகள் ஆளாளுக்குப் போடுவோம். அட்டை படிக்கப்பட வேண்டுமென்றால் ஒரு முறை உண்டு. வெறுமனே பாராட்டி எழுதினால் படிக்க மாட்டார்கள். பாராட்டிவிட்டு, கடைசி இரண்டு வரியில் 'ஒரு சிறு வேண்டுகோள்' என்று ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்டால்தான் அறிவிப்பாளருக்கு 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கும். வானொலிக் காலத்திலிருந்தே வருகிற பழக்கம். கேட்பது என்ன என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஊர்ப் பெயரோடு நம் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வீட்டுப் பெண்ணும் ஓர் அட்டை எழுதினாள். முறையைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. "எழுத்து கோணலா கீதுண்ணா" என்று சொல்லிவிட்டு அவளே பெட்டியில் போட்டுவிட்டாள்.

ஐப்பசியில் முதல் மாற்றம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பலகையில் பாதிக் கணக்கு நிற்க, ஆசிரியர் சட்டென்று மறைந்தார். ஒரு சினிமாப் பாட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் மீண்டும் அதே ஆசிரியர், அதே பாதிக் கணக்கு. தினமும் அப்படியே நடந்தது. நான் கொதித்தேன். கார்த்திகையில் கரும்பலகைக்குப் பின்னால் இருந்த வெறும் சுவருக்கு ஆரஞ்சும் பச்சையுமாகத் திரை கட்டினார்கள். மார்கழியில் ஆசிரியருக்கு இரண்டு பக்கமும் இரண்டு இளம் தொகுப்பாளர்கள் வந்து நின்றார்கள். "எக்ஸு எங்க சார் போச்சு, காணோமே" என்று அவரைக் கிண்டல் செய்வார்கள். அவர் சிரிக்கத் தெரியாமல் சிரிப்பார். பாடத்துக்குப் பின் கால் மணி நேரம் நகைச்சுவைக் காட்சிகள். பட்டாவும் கிணறும் போயே போய்விட்டன.

முதலில் நான் சந்தேகப்பட்டது எங்கள் கேபிள் ஆபரேட்டரை. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; பஜாரில் கடை, மாடியில் கட்டுப்பாட்டு அறை. மேலேயிருந்து வருவதை நிறுத்திவிட்டு இவரே நடுவில் பாட்டு சொருகுகிறார் என்று எனக்கு ஒரு கணக்கு. ஒரு மதியம் போய் நேரே கேட்டேன்.

"பாய், முப்பத்தி நாலுல நடுவுல பாட்டு போடறது நீங்களா?"

அவர் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுக்கடுக்காகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு. "தோ, உங்க முப்பத்தி நாலு. மேல டிஷ் கொடையில இருந்து ஒயர் வருது, இதுல நொழையுது, ஊருக்குப் போவுது. இதுல நான் எங்க சார் பாட்டு போடறது?"

"வேற யாராவது?"

"என் சம்சாரம் மேல சந்தேகமா? அது மாடிக்கே வராது, கால் வலி" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன் சார். எனக்கு இங்க எண்ணு போட்டு ஒட்டலன்னா எது எந்தச் சேனல்னு தெரிய மாட்டேங்குது இப்ப. முன்னாடி பாத்தாலே தெரியும்."

அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். முடியவில்லை. அடுத்து, புதிதாக விளம்பரம் கொடுத்த ஒரு மசாலாக் கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். ஆனால் என் குறிப்பின்படி மசாலா விளம்பரம் வந்தது பாட்டுக்குப் பிறகு, முன்னால் இல்லை. பெரிய சேனல்காரர்கள் இவர்களை வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரம் மனைவியின் மேலும் சந்தேகம் இருந்தது. தொடரை விட்டுக்கொடுத்த கோபத்தில் அவள் ஏதாவது எழுதிப் போட்டிருப்பாளோ என்று.

"இன்னாங்க, எனக்கு அவங்க அட்ரஸே தெரியாது. தெரிஞ்சா முதல்ல அந்த வாத்தியாரை ஒரு டீ குடிக்கச் சொல்லி எழுதுவேன். தொண்டை காயுது அவருக்கு" என்றாள்.

தை பிறந்தபோது பாடம் அரை மணியிலிருந்து கால் மணியாகிவிட்டது. மூன்றாவது வீட்டுப் பெண் இயற்கணிதம் முடித்து, முக்கோணவியல் பாதிவரை வந்திருந்தாள். வடிவியல் தொடங்கவே இல்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. "இன்னும் வட்டமே வரலண்ணா" என்றாள் ஒருநாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே. "நோட்டீஸ்ல பேர் போட ஆரம்பிச்சிட்டாங்க. பத்தாவது பாஸ் ஆனவங்க பேரு ஒரு பக்கம். மத்தவங்க பேரு இன்னொரு பக்கம்."

பொங்கல் கழிந்து வந்த என் வார விடுமுறையில் சென்னைக்கு ரயிலேறினேன். சேனல் அலுவலகம் கோடம்பாக்கம் பக்கம் ஒரு மாடி வீடு. என் குறிப்பு நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன், சாட்சிக்கு. நேயர் கடிதம் பார்க்கிறவர் என்று ஒருவரிடம் அனுப்பினார்கள். மெலிந்த மனிதர், கழுத்தில் மப்ளர். நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"கும்மிடிப்பூண்டியா? வாங்க சார், உட்காருங்க. எங்களுக்கு அதிகமா எழுதற ஊர் உங்க ஊர்தான்."

அலமாரியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு அட்டையிலும் வந்து சேர்ந்த தேதி முத்திரை. நான் கேட்க வந்ததைக் கேட்டேன்: யார் சொல்லி இதெல்லாம் மாற்றினீர்கள்?

"நீங்க சொல்லித்தான் சார்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

நான் நம்பவில்லை. கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஸ்டோர்ஸ் குமாஸ்தா: அருமையான பாடம்; ஒரு சிறு வேண்டுகோள், வேலை முடிந்து களைத்து வருவோருக்குப் பாடத்தின் பின் சில நகைச்சுவைக் காட்சிகள். லேத்துக்காரர்: ஆசிரியர் ஒருவரே பேசுவதால் பிள்ளைகளுக்குச் சலிப்பு, இளம் தொகுப்பாளர்கள் இருவர் கலகலப்பாக உடன் இருந்தால் நன்று. இன்னொன்று: வெறும் சுவர் கண்ணுக்குச் சோர்வாக உள்ளது, பின்னணியில் சற்று வண்ணம் சேர்க்கலாமே. அந்தக் கையெழுத்து என்னுடையது. எழுதியது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கேட்க வேறு ஒன்றும் தோன்றாத ஒரு நாளில் எழுதியிருப்பேன்.

அட்டையின் முத்திரைத் தேதியையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டை வந்த மூன்றாவது வாரம் வண்ணத் திரை. நகைச்சுவையும் அப்படியே. தொகுப்பாளர்களும் அப்படியே. எடைமேடையில் பத்து வருடம் இருந்தவன் கண்ணுக்கு இதைவிடத் தெளிவாக ஒன்றும் வேண்டாம்.

அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம். இவர்களுக்கு வசதியான அட்டைகளை மட்டும் கட்டி வைத்திருப்பார்களோ? "எதையும் மாற்றாதீர்கள், இப்படியே இருக்கட்டும் என்று யாருமே எழுதவில்லையா?" என்று கேட்டேன்.

"எழுதினா அதை எப்படி சார் படிக்கறது? அதுக்கு நாங்க இன்னா பதில் சொல்றது?" என்றார். பிறகு மப்ளரைச் சரிசெய்துகொண்டு, "எங்களைப் பாக்கறவங்களே கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேர் கேக்கறதைச் செய்யலன்னா யாருக்காகச் செய்யறது? ஆனா ஒண்ணு கவனிச்சேன் சார். கேக்கறவங்க எல்லாரும் வேற சேனல்ல பாத்ததைத்தான் கேக்கறாங்க. எங்கயும் பாக்காததை எப்படிக் கேப்பாங்க?" என்றார்.

நான் மிச்ச அட்டைகளைப் புரட்டினேன். கட்டின் நடுவில் கோணல் எழுத்தில் ஓர் அட்டை இருந்தது. மூன்றாவது வீட்டு முகவரி. 'சார் நல்லா நடத்தறார். ஆனா பலகையை சீக்கிரம் அழிச்சுடறார். எழுதறதுக்குள்ள போயிடுது. ஒரு சிறு வேண்டுகோள். நடுவுல ஒரு பாட்டு போட்டா நான் எழுதி முடிச்சுக்குவேன்.' முத்திரை புரட்டாசியில் விழுந்திருந்தது.

போன வருடப் பாடங்களின் டேப் இருந்தால் வடிவியலை மட்டுமாவது பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். டேப்புக்குத் தட்டுப்பாடு என்றார். பாடத்தின் மேலேயே நகைச்சுவையைப் பதிவு செய்துவிட்டார்களாம். பரீட்சை முடிகிறவரை பாடத்தை நிறுத்தாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சங்கடமாக மேசை டிராயரைத் திறந்து ஒரு புது அட்டையை நீட்டினார்.

"இதுல எழுதிக் குடுத்துருங்க சார். முறையா வந்துரும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அந்த ஞாயிறு என் அட்டையைப் படித்தார்கள். பாராட்டுப் பகுதியை மட்டும். மாசி இரண்டாம் வாரத்தில் கணக்குப் பாடம் நின்றது. ஆறரைக்கு ஒரு தொடர் ஆரம்பித்தது.

அவள் அட்டையைப் பற்றி அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் இழுத்தேன். சொன்னால் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் அவள் பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"ஆமாண்ணா, நான் தான் கேட்டேன். பாட்டு வந்தப்புறம் தான் என் நோட்டு முழுசாச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் பாதிப் பாதிக் கணக்கு."

"நீ கேட்டது நேரம். அவங்க குடுத்தது பாட்டு."

"ரெண்டும் ஒண்ணு தாண்ணா எனக்கு. பாட்டை யாரு பாத்தா? தலை குனிஞ்சு மனசுல நின்னதை எழுதிக்கினு இருந்தேன்." குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். "நீங்க தான் அப்ப மூஞ்சைத் தூக்கிக்கினு, கெட்டுப் போச்சு கெட்டுப் போச்சுன்னு எழுதினு இருந்தீங்க. எனக்குச் சிரிப்பா வரும். ஊட்டுல சொல்லிச் சிரிப்பேன்."

 அந்தப் பாட்டு எனக்கு முதல் குற்றம். அவளுக்கு அதுதான் அந்தச் சேனலிலேயே உருப்படியான காரியம். அதன் பின் வந்த மாற்றங்களைப் பற்றிக் கேட்டால் லேத்துக்காரரும் ஸ்டோர்ஸ்காரரும் ஆளுக்கு ஒரு நியாயம் வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. நான் அவர்களைக் கேட்கவில்லை. என் வண்ணத் திரைக்கு மட்டும் ஒரு நியாயமும் கிடைக்கவில்லை.

"வட்டத்துக்கு இன்னா பண்ணப் போறே?" என்று கேட்டேன்.

"வுட்டுருவேன். வந்ததை எழுதுவேன். வராததுகிட்ட நின்னுகினு இருந்தா வந்ததும் போயிரும்."

பங்குனியில் பரீட்சை எழுதினாள். கம்பெனியில் லீவு தரவில்லை, சம்பளமில்லாமல் போனாள். வடிவியல் கேள்விகளைத் தொடவே இல்லை என்று வந்து சொன்னாள். என் மனைவி அன்று அவளுக்காகக் கேசரி கிண்டியிருந்தாள். முடிவு தெரியாமல் இனிப்பு சாப்பிடக் கூடாது என்று நான் சொன்னேன். இருவரும் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

வைகாசி பாதியில் முடிவு வந்தது. கணக்கில் நாற்பத்தொன்று. பாஸ். மதிப்பெண் பட்டியலைக் கம்பெனியில் கொடுத்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நோட்டீஸ் ஒட்டியவர்கள் நோட்டீஸைக் கிழிக்கவும் செய்வார்கள். ஏதாவது புது விதி சொல்லி இழுத்தடிப்பார்கள் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மதியம் ஒன்றே கால் மணிக்கு, அவள் கையில் ஓர் உறையோடு வந்தாள். கம்பெனி அடையாள அட்டை ஒன்று கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போட்டோல நான் முழிக்கறதைப் பாருங்கக்கா. திருடி மாரி கீறேன்" என்று அதை என் மனைவியிடம் காட்டினாள்.

உறையை வாங்கி, உள்ளே இருந்த பணி நிரந்தர உத்தரவைப் படித்தேன். முதல் பக்கம், பின் பக்கம், கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தவை. நிரந்தரப் பணியாளர்கள் மூன்று ஷிப்டிலும் வர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைத் தவிரப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

"இன்னாண்ணா தேடறீங்க அதுல?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியா இருக்குதான்னு."

"சரியா தான் இருக்கும். குடுங்கண்ணா, ரெண்டு மணி ஷிப்டு" என்று உத்தரவை என் கையிலிருந்து இழுத்து உறையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டியபடியே இறங்கி நடந்தாள்.